கடல் தாண்டிய படிப்பும் கரை தாண்டாத ஜாதியும்

(சின்னாளப்பட்டிப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி இந்தக் கூட்டத்தில் நாம் சில வார்த்தைகள் சொல்ல வேண்டுமென்று இவ்வூர் வாலிபத் தோழர்கள் விரும்பினார்கள். சாமியைப் பற்றியும் புராணத்தைப் பற்றியும் ஏதாவது கேட்கலாம் என்று வந்தவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாயிருக்கக் கூடும். ஆனால் பேச்சு முடிவதற்குள் சாமியும் வரும், சாஸ்திரமும் வரும். அவை வந்து குறுக்கே படுத்துக் கொள்ளாத விஷயம் இந்த நாட்டில் ஒன்றுகூட இல்லை.

இது நெசவாளிகள் ஊர். தறிக் குழியில் காலை வைத்தும், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டும் பிழைத்த குடும்பங்களிலிருந்து இன்று பிள்ளைகள் காலேஜுக்குப் போகிறார்கள். ஊருக்குக் கீழண்டையிலும் மேலண்டையிலும் உள்ள சேரிகளிலிருந்தும், சுற்றிலுமுள்ள கிராமங்களிலிருந்தும்கூடப் போகிறார்கள். படித்து முடித்ததும் அவர்களில் சிலர், ஜெர்மனியில் மேல்படிப்புப் படிக்கிறேன், லண்டனுக்குப் போகிறேன், அமெரிக்காவுக்குப் போகிறேன் என்கிறார்கள். பிள்ளை இப்படிச் சொன்னவுடனே வீட்டிலே கிளம்புகிற பேச்சு பலவிதம். பணத்துக்கு எங்கே போவது என்று தகப்பனார் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறோம். ஆனால் ஜாதகத்திலே கடல் யோகம் இருக்கிறதா என்று பார்க்கப் புறப்படுகிறார்களே, "நம் ஜாதிக்கு இதெல்லாம் எதற்கு?" என்று தெருவிலே ஒருவர் கேட்கிறாரே, அவைகளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

கடல் தாண்டக் கூடாது என்று சொன்னவர்கள் யார்? போதாயன தர்ம சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஜாதியை விட்டு விழச் செய்யும் குற்றங்களுக்கு ஒரு ஜாபிதா கொடுத்து, கடல் பிரயாணத்தை அதில் சேர்த்திருக்கிறது. பிராயச்சித்தம் என்ன தெரியுமா? மூன்று வருஷம் பகலெல்லாம் நிற்க வேண்டும், இராவெல்லாம் உட்கார்ந்திருக்க வேண்டும், தினம் மூன்று தரம் குளிக்க வேண்டும், நாலு வேளைக்கு ஒரு வேளை கொஞ்சம் சாப்பிட வேண்டும். மனுவும் சும்மாயிருக்கவில்லை. திதிச் சாப்பாட்டுக்குக் கூப்பிடக் கூடாதவர்கள் யார் யார் என்று எண்ணிக்கொண்டு போகும்போது, வீட்டுக்குத் தீ வைத்தவன், விஷம் கொடுத்தவன் இவர்களோடு, கடலில் போனவனையும், எண்ணெய் ஆட்டுகிறவனையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கிறார். கடலில் போனவனாவது திரும்பி வந்து சமாதானம் சொல்லலாம். செக்காட்டியவன் என்ன பாவம் செய்தான் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தோழர்களே! இந்தச் சாஸ்திரம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்ததா என்று பாருங்கள். 1860-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்குப் புறப்பட்டது. கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்யப் போனவர்கள் அவர்கள். அதற்கு முன்னும் பின்னும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும், மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்கும், பீஜித் தீவுக்கும் நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகப் போனார்கள். அன்றைய மதுரை ஜில்லாவிலிருந்தும் கங்காணிகள் ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பொழுது எந்த மடாதிபதியாவது துறைமுகத்தில் வந்து நின்று, "ஐயோ, கடல் தாண்டினால் ஜாதி போய்விடுமே!" என்று கையை நீட்டித் தடுத்ததுண்டா? கூலிக்காரன் கடல் தாண்டினால் சாஸ்திரத்துக்குக் கண் தெரியாது. ஒருவன் படிப்பதற்காகக் கடல் தாண்டினால்தான் அதற்குக் கண் திறக்கிறது. மண்வெட்டியோடு போகலாம், புத்தகத்தோடு போகக் கூடாது என்றால் இதற்கு என்ன அர்த்தம்?

நம் பக்கத்திலேயே காந்திகிராமம் இருக்கிறது. அதற்குப் பெயர் கொடுத்த காந்தியாரையே எடுத்துக் கொள்ளுவோம். 1888-ல் பாரிஸ்டர் படிப்புக்காக அவர் லண்டனுக்குப் புறப்பட்டபோது, பம்பாயில் அவருடைய மோட் பனியா ஜாதியார் பெருங் கூட்டம் கூட்டி அவரை ஜாதிப் பிரஷ்டம் செய்தார்கள். அவருக்கு உதவி செய்தாலும், துறைமுகத்துக்கு வழியனுப்பப் போனாலும் ஒன்றேகால் ரூபாய் அபராதம் என்று உத்தரவு போட்டார்கள். 1891-ல் அவர் பாரிஸ்டராகத் திரும்பி வந்ததும், தமையனார் அவரை நாசிக்குக்கு அழைத்துக்கொண்டு போய் ஆற்றில் முழுக்குப் போடச் செய்து, ராஜகோட்டில் ஜாதியாருக்கு விருந்து வைத்தார். அதற்குப் பிறகும் ஒரு கட்சியார் சேர்த்துக் கொள்ளவில்லை. மாமனார் வீட்டில், கூடப் பிறந்த சகோதரி வீட்டில், தண்ணீர்கூடக் குடிக்க முடியாத நிலையில் அவர் இருந்தார். இதை எல்லாம் அவரே தம் சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார். இவ்வளவு பட்ட பிறகும் அவர் வருணாசிரமத்துக்கு வெகு காலம் வரை வக்காலத்து வாங்கினாரே என்பது நமக்கு ஆச்சரியந்தான். ஆனால் அது வேறு ஒரு நாள் பேச்சு.

இன்னொருவர் கதை இதைவிடப் பரிதாபம். நமது ஈரோட்டில் 1887-ல் பிறந்த கணித மேதை ராமானுஜத்தைச் சொல்லுகிறோம். அவர் பார்ப்பனக் குடும்பத்துப் பிள்ளை. சென்னைத் துறைமுக ஆபீசில் கணக்கெழுதிக் கொண்டிருந்தார். துறைமுகத்தில் கணக்கெழுதலாம், கப்பலில் ஏறக் கூடாது என்பது குடும்பத்தின் ஆசாரம்! கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டி என்ற பேராசிரியர் கூப்பிட்டும் அவர் முதலில் போக மறுத்துவிட்டார். கடைசியில் நாமக்கல் நாமகிரித் தாயார் அவருடைய தாயாரின் கனவில் வந்து, "மகனுக்குக் குறுக்கே நிற்காதே" என்று சொன்னதாகச் சொல்லி வழி விட்டார்கள். சென்னை சர்வகலாசாலை வருஷத்துக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் கொடுத்தது. 1914 மார்ச்சு 17-ந் தேதி, குடுமியை எடுத்துவிட்டு, அவர் கப்பலேறினார்.

அங்கே போய் அவர் செய்த காரியம் உலகத்துக்கே தெரியும். 1918-ல் ராயல் சங்கத்தின் அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் யுத்த காலம். கறிகாய் சரியாகக் கிடைக்காத ஊரில், தன் கையாலேயே சமைத்து, பல நாள் சமைக்காமலுமிருந்து, உடம்பு கெட்டுப் போயிற்று. 1919-ல் திரும்பி வந்தவர் 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னையில் 32-வது வயதில் இறந்து போனார். இராமேஸ்வரத்துக்குப் போய்ப் பிராயச்சித்தம் செய்ய அவர் உடம்பு இடம் கொடுக்கவில்லை. அதனால், கடல் தாண்டித் தீட்டுப்பட்டவர் என்று சொல்லி, வைதிக பந்துக்களில் பெரும்பாலோர் சாவுக்குக்கூட வரவில்லை. உலகம் கொண்டாடிய ஒரு மூளை கட்டையிலே கிடக்கிறது. சுற்றத்தாருக்கு அப்போதும் தீட்டுக் கணக்கு! நமக்கு அந்த ஜாதியின் ஆதிக்கத்தின் மீது இருக்கிற விரோதம் உங்களுக்குத் தெரியும். என்றாலும் இதைப் படிக்கும்போது நமக்கு வயிறு எரிகிறது. சாஸ்திரம் தன்னைக் காப்பாற்றுகிறவனையும் கடிக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இன்றைக்கு அந்தச் சாஸ்திரம் எங்கே போயிற்று? நெருப்பில் விழுந்து செத்துவிட்டதா? அதுதான் இல்லை. வேஷத்தை மாற்றிக் கொண்டது. ஐதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூர் என்ற ஊரில் ஒரு பாலாஜி கோயில் இருக்கிறது. 'விசா பாலாஜி' என்றே பெயர். அமெரிக்கா போக விசா வேண்டுமென்றால் பதினொரு சுற்றுச் சுற்ற வேண்டும், கிடைத்துவிட்டால் நூற்றெட்டுச் சுற்றுச் சுற்ற வேண்டும். படித்த பிள்ளைகள், கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். நேற்று வரை கடலைத் தாண்டினால் நரகம் என்று சொன்ன வர்க்கம், டாலருக்கு மதிப்பு ஏறியதும் சாமியையே கப்பல் ஏஜென்டாக்கிவிட்டது. ஆகாய விமானத்தைக் கண்டுபிடித்தவன் ஒரு கோயிலையும் சுற்றவில்லை என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தோன்றவில்லையே!

நிற்க. இதுவரை சொன்னது புறப்படும்போது ஏற்படுகிற தடை. இது ஒருவாறு தீர்ந்துவிட்டது என்றே வைத்துக் கொள்ளுவோம். திரும்பி வருகிறபோது ஏற்படுகிற தடை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் நாம் இன்று முக்கியமாக வந்தோம். அதற்கு டாக்டர் அம்பேத்கர் அவர்களுடைய மாணவ வாழ்க்கையைவிட நல்ல உதாரணம் நமக்குத் தெரியவில்லை. அவருடைய படத்துக்கு மாலை போடுகிறவர்கள் இன்று அதிகம். அவர் எப்படிப் படித்தார் என்று விசாரிக்கிறவர்கள் குறைவு.

அம்பேத்கர் மகர் ஜாதியில் 1891-ல் பிறந்தவர். தகப்பனார் பட்டாளத்தில் வேலை பார்த்தவர். பம்பாய் எல்பின்ஸ்டன் காலேஜில் பி.ஏ. படித்தார். 1913 பிப்ரவரியில் தகப்பனார் இறந்து போனார். குடும்பத்துக்கு வேறு ஆதரவில்லை. அந்த வருஷம் பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் அவருக்கு மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்று வருஷத்துக்கு உபகாரச் சம்பளம் கொடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். படித்து வந்து பத்து வருஷம் பரோடாவில் உத்தியோகம் பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். 22 வயதில், 1913 ஜூலையில் நியூயார்க்கில் போய் இறங்கினார்.

கொலம்பியா சர்வகலாசாலையில் அவர் என்ன செய்தார்? நாடகம், கேளிக்கை என்று திரியவில்லை. பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள் எடுத்தார். அதற்கு மேல் சரித்திரம், சமூக சாஸ்திரம், மனித இன நூல், தத்துவம் எல்லாம் எடுத்தார். ஜான் டூயி, செலிக்மன் போன்றவர்கள் அவருக்கு ஆசிரியர்கள். 1915-ல் பண்டைய இந்திய வாணிகத்தைப் பற்றி எழுதி எம்.ஏ. பட்டம் வாங்கினார். 1916 மே 9-ந் தேதி கோல்டன்வைசர் என்ற ஆசிரியருடைய வகுப்பில் ஒரு கட்டுரை படித்தார். இந்தியாவில் ஜாதி எப்படி உண்டாயிற்று, எப்படி நடக்கிறது என்பது விஷயம். தன் ஜாதிக்குள்ளேயே கலியாணம் என்ற பூட்டுத்தான் ஜாதி, அந்தப் பூட்டைக் காப்பாற்றத்தான் உடன்கட்டையும், விதவைக் கோலமும், குழந்தை மணமும் ஏற்பட்டன என்று அதில் எடுத்துக் காட்டினார். 25 வயது வாலிபர், வெள்ளைக்காரப் பேராசிரியர்கள் முன்னால் நின்று, மனுவின் பூட்டைத் திறந்து காட்டுகிறார்! ஊரிலே இருந்திருந்தால் அவர் இதைச் சொல்ல ஒரு பெஞ்சு கிடைத்திருக்குமா? பள்ளிக்கூடத்தில் தனியாகக் கோணியில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளை அவர். தண்ணீர்க் குழாயை அவர் தொடக் கூடாது, ஒரு சிப்பாய் வந்து திறந்துவிட வேண்டும். அமெரிக்காவிலே அவர் எல்லோரோடும் ஒரே மேஜையில் சாப்பிட்டார், ஒரே நூல் நிலையத்தில் உட்கார்ந்தார். வெளிநாட்டுப் படிப்பிலே பாடத்தைவிடப் பெரிய பாடம் இதுதான்.

அங்கிருந்து 1916-ல் லண்டனுக்குப் போய் பொருளாதாரப் பள்ளியிலும், கிரேஸ் இன் என்ற சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். உபகாரச் சம்பளத்தின் கெடு முடிந்தது. 1917-ல் பாதியில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. யுத்த காலமாகையால் அவருடைய புத்தகங்கள் வேறு கப்பலில் வந்தன. அந்தக் கப்பல் குண்டுபட்டு மூழ்கிப் போயிற்று. அதுகூடப் பெரிய நஷ்டமல்ல என்று சொல்லும்படியாக ஒன்று பரோடாவில் நடந்தது.

ஒப்பந்தப்படி அவர் உத்தியோகத்துக்குப் பரோடா போய் ரயிலைவிட்டு இறங்கினார். எங்கே தங்குவது? அமெரிக்காவிலும் லண்டனிலும் இருந்த காலத்தில், தாம் தீண்டப்படாதவர் என்கிற நினைப்பே மனத்தைவிட்டுப் போயிருந்தது என்று அவரே எழுதுகிறார். ரயிலடியில் இறங்கியதும் அந்த நினைப்பு திரும்பி வந்துவிட்டது. இந்து ஓட்டல்களில் இடம் கொடுக்க மாட்டார்கள். கடைசியில் பார்சிகள் நடத்துகிற ஒரு விடுதிக்குப் போனார். இது பார்சிகளுக்கு மட்டுந்தான் என்றான் காப்பாளன். அவனுக்கோ வருமானம் வேண்டும், இவருக்கோ கூரை வேண்டும். தினம் ஒன்றரை ரூபாய்க்குப் பேசி, புஸ்தகத்தில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொண்டு தங்கினார். இரண்டு தேசத்துச் சர்வகலாசாலைகளில் தம் பெயரால் தலை நிமிர்ந்து நின்றவர், தம் சொந்த தேசத்தில் படுத்துத் தூங்குவதற்குப் பெயரை மாற்றிக் கொள்ள வேண்டியதாயிற்று.

பதினோராம் நாள் காலையில் ஒரு டஜன் பார்சிகள் தடியோடு வந்தார்கள். நீ யார், எங்கள் விடுதியைத் தீட்டாக்கினாயே என்று கத்தி, சாயங்காலத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அவர் ஓர் இந்து நண்பரைக் கேட்டார். நீ என் வீட்டுக்கு வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்களே என்றார் அவர். ஒரு கிறிஸ்தவ நண்பரைக் கேட்டார். மனைவியைக் கேட்டுச் சொல்லுகிறேன் என்றார் அவர். அவர்கள் பார்ப்பனராயிருந்து கிறிஸ்தவரானவர்களாம்! பிறகு ஒரு பொதுத் தோட்டத்தில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். உத்தியோகமும் போயிற்று. தோழர்களே! இந்து, பார்சி, கிறிஸ்தவர் மூன்று வீட்டிலும் ஒரே ஜாதிதான் வாசலில் காவல் நின்றது. மதம் மாறினால் போதும், ஜாதி தானாகப் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் இந்த ஒரு நாளை நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும். இந்தச் சம்பவத்தை அவர் தம் கையால் எழுதி வைத்த ஏடுகள் 1990-ல் அச்சாயின. அதற்குப் பெயர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. அமெரிக்காவுக்குள் போகவும், லண்டனுக்குள் போகவும் தடையில்லாத மனிதருக்கு, பரோடாத் தெருவுக்குள் போகத்தான் விசா கிடைக்கவில்லை!

அவர் அதோடு விட்டுவிடவில்லை. பம்பாயில் சிடென்ஹாம் காலேஜில் ஆசிரியராயிருந்து பணம் சேர்த்தார். அங்கேயும் ஆசிரியர்களுக்கென்று வைத்திருந்த பானையில் இவர் தண்ணீர் எடுத்துக் குடிப்பதற்குச் சில ஆசிரியர்கள் ஆட்சேபம் சொன்னார்கள். பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் சொல்லிக் கொடுக்கலாம், பானையைத் தொடக் கூடாது! கோல்ஹாப்பூர் சாகு மகாராஜா கொஞ்சம் உதவினார். ஒரு பார்சி நண்பர் ஐயாயிரம் ரூபாய் கடன் கொடுத்தார். தடியோடு வந்தவர்களும் பார்சிகள், கடன் கொடுத்தவரும் பார்சி என்பதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். 1920-ல் மறுபடியும் லண்டன் போய், விட்ட இடத்திலிருந்து படித்து, ரூபாய் நாணயத்தின் பிரச்சினையைப் பற்றி எழுதி 1923-ல் டி.எஸ்.சி. பட்டம் வாங்கினார். பாரிஸ்டருமானார்.

இவ்வளவு பட்டமும் வாங்கி வந்தவர் 1927 மார்ச்சு 20-ந் தேதி என்ன செய்து கொண்டிருந்தார் தெரியுமா? மகாத் என்ற ஊரில், ஆயிரக்கணக்கான ஜனங்களோடு நடந்து போய், ஒரு பொதுக் குளத்தில் இறங்கி, ஒரு கை தண்ணீர் எடுத்துக் குடித்தார். ஆடு, மாடு குடிக்கிற குளம் அது. மனிதர் குடித்ததற்காக அடிதடி நடந்தது. பிறகு வைதிகர்கள் 108 குடம் சாணமும், மூத்திரமும், பாலும், தயிரும் கொட்டிக் குளத்தைச் சுத்தம் செய்தார்களாம். அதே 1927-ல்தான் கொலம்பியா சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டத்தை முறைப்படி வழங்கியது. அமெரிக்கா பட்டம் கொடுக்கிறது, மகாத் சாணத்தைக் கொட்டுகிறது. எந்த ஊர் நாகரிகமான ஊர் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஜாதியை ஒழிப்பதைப் பற்றி 1936-ல் அவர் அச்சிட்ட பேச்சைத் தமிழில் வெளியிட்டு நம் ஜனங்களுக்குக் கொடுத்தது 'குடி அரசு'. தந்தை பெரியாரும் 1931 டிசம்பரில் புறப்பட்டு, ஏறக்குறைய ஒரு வருஷம் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்துத் திரும்பியவர். பட்டம் வாங்கப் போகவில்லை. மனிதர் அங்கே எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்கப் போனார். அதுவும் ஒரு படிப்புத்தான்.

அதெல்லாம் பழைய கதை, இப்போது யார் ஜாதி பார்க்கிறார்கள் என்று கேட்பார்கள். இப்போது ஜாதியே விமானம் ஏறிவிட்டது. ஜாதி இந்தியாவிலிருந்து குடியேறுகிறவர்களோடு சேர்ந்து உலகத்துப் பிரச்சினையாகும் என்ற எச்சரிக்கையை அம்பேத்கர் அந்த 1916 கட்டுரையிலேயே எடுத்துக் காட்டியிருந்தார். நூறு வருஷம் கழித்து அது பலித்தது. அமெரிக்காவில் பிராண்டைஸ் சர்வகலாசாலை 2019-ல் ஜாதி வித்தியாசம் காட்டக் கூடாது என்று தன் விதியில் சேர்த்தது. 2022-ல் கலிபோர்னியா மாகாண சர்வகலாசாலைகள் சேர்த்தன. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சட்டமே செய்தது. கலிபோர்னியா சட்டசபை அதே வருஷம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அதைக் கவர்னர் அக்டோபரில் தள்ளிவிட்டார். ஜாதியே இல்லாத தேசத்தில் ஜாதிக்குச் சட்டம் எதற்கு? நம்மவர்கள் ஊறுகாய்ப் பாட்டிலோடு அதையும் கட்டிக்கொண்டு போனதால்தான். மாணவர் விடுதியில் அறையைப் பங்கிட்டுக் கொள்ளும்போது, "உங்கள் முழுப் பெயர் என்ன? நீங்கள் சைவமா?" என்று சுற்றி வளைத்துக் கேட்கிற கேள்வி எதற்காக என்பது கேட்கிறவனுக்கும் தெரியும், பதில் சொல்லுகிறவனுக்கும் தெரியும்.

இனிப் பணத்துக்கு வருவோம். 1913-ல் ஒரு மகாராஜாவின் மனம் இரங்கியதால் ஓர் அம்பேத்கர் கிடைத்தார். எத்தனையோ பேருக்கு மகாராஜா கிடைக்கவில்லை. தர்மப் பிரபுவின் தயவில் படிப்பு நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் சர்க்கார் உபகாரச் சம்பளம் ஏற்பட்டது. டில்லி சர்க்கார் 1954-55 முதல் ஒடுக்கப்பட்டவர்களுக்கு வெளிநாட்டுப் படிப்புக்குப் பணம் கொடுத்து வருகிறது. சமீப வருஷங்களில் இதற்கு வருஷம் 125 இடங்கள். இந்தத் தேசத்தின் ஜனத்தொகைக்கு 125! பெரும்பாலும் தாழ்த்தப்பட்டோருக்கு. நிலமில்லாத விவசாயக் கூலிகளுக்கும் பரம்பரைக் கைத்தொழிலாளருக்கும் சேர்த்து நாலு இடம். நெசவாளித் தோழர்களே, கைத்தொழில் செய்கிற உங்கள் வர்க்கத்துக்கு, தேசம் முழுவதுக்குமாக, மற்றவர்களோடு பங்கு போட்டுக்கொண்டு, நாலு! அந்த 125-க்கும் ஒழுங்காகப் பணம் உண்டா? 2025 ஜூலையில் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மாத்திரம் உத்தரவு கொடுத்து, மிச்சம் 66 பேருக்கு நிதி இருந்தால் பார்ப்போம் என்றார்கள். சர்வகலாசாலை இடம் கொடுத்துவிட்டது, மூட்டை கட்டியாகிவிட்டது, நிதி இருந்தால் பார்ப்போமாம்!

அதைவிட மோசம் 2022-ல் போட்ட விதி. இந்தியக் கலாசாரம், இந்திய சரித்திரம், இந்தியாவைப் பற்றிய சமூக ஆராய்ச்சி இவைகளைப் படிக்கப் போகிறவனுக்கு இந்தப் பணம் கிடையாது என்று எழுதினார்கள். யோசித்துப் பாருங்கள். அம்பேத்கர் எதைப் படித்தார்? பண்டைய இந்திய வாணிகம், இந்திய ஜாதி, இந்திய நாணயம், இந்திய மாகாணங்களின் வரவு செலவு. அந்த விதியை வைத்துப் பார்த்தால் அம்பேத்கர் மனுப் போட்டிருந்தால் தள்ளுபடி! ஒடுக்கப்பட்டவன் வெளிநாட்டில் போய் இஞ்சின் செய்யப் படிக்கட்டும், மாத்திரை செய்யப் படிக்கட்டும், தன்னை ஒடுக்கியது எது என்று மட்டும் படிக்கக் கூடாது என்பதுதானே இதற்கு அர்த்தம்? அந்தக் காலத்துச் சாஸ்திரம் கப்பலைத் தடுத்தது. இந்தக் காலத்து விதி புத்தகத்தைத் தடுக்கிறது.

தமிழ்நாட்டு சர்க்காரும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு மேல்படிப்புக்கு உதவி கொடுக்கிறது. இது இனாம் அல்ல, நாம் கொடுக்கும் வரியில் நம் பங்கு. கேட்டு வாங்க வேண்டும். மற்றவர்களுக்குப் பாங்கிக் கடன்தான் வழி. கடன் வாங்குகிறவர்கள் கணக்குத் தெரிந்து வாங்குங்கள். ஜெர்மனியில் பெரும்பாலான சர்க்கார் சர்வகலாசாலைகளில் கட்டணம் கிடையாது. ஒரு சில இடங்களில்தான் வெளிநாட்டாரிடம் வாங்குகிறார்கள். பாடன்-வூர்ட்டம்பர்க் மாகாணத்தில் 2017 முதல் அரை வருஷத்துக்கு 1500 யூரோ. ஆனால் ஒரு வருஷச் சாப்பாட்டுச் செலவுக்குப் பணம் இருக்கிறதென்று முன்னதாகவே பாங்கியில் போட்டுக் காட்ட வேண்டும். 2024-ல் அது 11,904 யூரோ. இதையெல்லாம் சொல்லாமல், "நான் பார்த்துக் கொள்ளுகிறேன், நகையை அடகு வையுங்கள்" என்கிற ஏஜென்டு வாசலுக்கு வந்தால் விசாரிக்காமல் வெற்றிலை வைக்காதீர்கள். டாக்டர் படிப்புக்கென்று உக்ரேன் போன நம் பிள்ளைகள் 2022 யுத்தத்தில் நிலவறைகளில் ஒளிந்து கிடந்து, படிப்பைப் பாதியில் விட்டு ஓடி வந்தார்கள். இங்கே வைத்தியக் கல்லூரிக் கதவை நுழைவுப் பரீட்சையாலும், கோடிக் கணக்கில் கட்டணத்தாலும் சாத்தி வைத்ததுதான் அவர்களை அங்கே துரத்தியது.

தாய்மார்களே! மகனுக்கு என்றால் அடகு வைக்கிற நகை, மகளுக்கு என்றால் கலியாணத்துக்கு என்று பெட்டிக்குள் போய்விடுகிறது. மராட்டிய தேசத்து ஆனந்திபாய் ஜோஷி 1883-ல் கப்பலேறி, வைதிகர் கூச்சலைப் பொருட்படுத்தாமல், 1886-ல் பிலடெல்பியாவில் டாக்டர் பட்டம் வாங்கினார். நமது புதுக்கோட்டை முத்துலட்சுமி அம்மையார் பிள்ளைகளைப் பெற்ற பிறகு, 1925-ல் சர்க்கார் உபகாரச் சம்பளத்தில் லண்டனுக்குப் போய் மேல்படிப்புப் படித்தார். திரும்பி வந்து சட்டசபையில் தேவதாசி முறையை ஒழிக்க மசோதாக் கொண்டு வந்தவர் அவர்தான். அம்பேத்கரும் நியூயார்க்கிலிருந்து தம் தகப்பனாருடைய நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ஆண்களோடு கூடவே பெண்களையும் படிக்க வைக்க வேண்டும் என்றுதான் எழுதினார். ஒரு கலியாணத்துக்கு மேளத்துக்கும், பந்தலுக்கும், புரோகிதருக்கும் செலவழிக்கிற பணத்தை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் பெண்ணின் படிப்புச் செலவையும் எழுதி, இரண்டையும் கூட்டிப் பாருங்கள். வேறு உபந்நியாசம் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. வெளியூரிலிருந்து இந்தப் பக்கத்துக் கல்லூரிகளுக்குப் படிக்கவும், படிப்பிக்கவும் வருகிறவர்கள் வாடகைக்கு வீடு கேட்டு இந்தத் தெருக்களில் நடக்கிறார்கள். "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும், "வீட்டை மராமத்து செய்யப் போகிறோம்" என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று வாலிபத் தோழர்கள் நம்மிடம் சொன்னார்கள். அவர்கள் யார் என்று பெயர் சொல்ல நாம் வரவில்லை. இங்கே வந்திருக்கிற வீட்டுச் சொந்தக்காரர்கள், இந்தக் கேள்வியை இன்று முதல் கேட்பதில்லை என்று கையைத் தூக்குங்கள். யார் யார் தூக்குகிறீர்கள் என்று வாலிபர்கள் பார்த்துக் கொள்ளட்டும். அடுத்த தடவை வீடு தேடி வருகிறவர்களை அந்த வீடுகளுக்கே நேராக அழைத்து வரச் சொல்லியிருக்கிறோம்.

உபகாரச் சம்பள மனுக்களைப் பற்றித் திண்டுக்கல் கலெக்டர் ஆபீசில் ஆதிதிராவிடர் நலப் பகுதியில் விசாரிக்கலாம். வருமானச் சான்று, ஜாதிச் சான்று, மார்க்குப் பத்திரம், சர்வகலாசாலை இடம் கொடுத்த கடிதம் இவைகளைத் தயாராக வைத்துக் கொள்ளுங்கள். மனு எழுதுவதில் கஷ்டமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடது பக்கம் உள்ள மேஜைக்கு வரலாம். இரண்டு தோழர்கள் காகிதமும் பேனாவுமாக அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.